அஞ்சுக்கு ஒரு விரல்

அக்காவின் வலது தோள் முதலில் கொடியில் துணி போட மறுத்தது. பிறகு தலை வாரிக்கொள்ள மறுத்தது. மை இழுக்க மறுத்தபோதுதான் கடையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது.

கடை என்பது ஒரு நீள அறை. நடுவில் நாலு இரும்புக் கை வைத்த கைமெஷின். சுவரோரம் மையைக் காயவைக்கும் சூட்டுப் பெட்டி. பின்னால், வலை கட்டிய அச்சுச் சட்டமான ஸ்கிரீனைக் கழுவும் தொட்டி. டி-ஷர்ட்டில் பள்ளிக்கூடத்தின் பேரோ, ஓட்டப் பந்தயத்தின் பேரோ, யார் எதைக் கேட்டாலும் அச்சடித்துக் கொடுப்பார்கள். தம்பி டிசைனை ஸ்கிரீனில் ஏற்றுவான், ஆர்டர் பிடிப்பான், வசூலுக்குப் போவான். இழுப்பது அக்கா. ரப்பர்க் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, ஸ்கிரீன்மேல் மையை அழுத்தித் தன் பக்கம் இழுக்க வேண்டும். ஒரு சட்டைக்கு எத்தனை கலரோ அத்தனை இழுப்பு. கடை அந்தத் தோளில்தான் ஓடியது.

"இனிமே இழுக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

"கொஞ்சமா?"

"கொஞ்சம்கூட."

ஆள் வைத்துப் பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் பலசாலிகள். ஒருவர் இழுத்ததும் மற்றவர் இழுத்ததும் ஒரே சிவப்பாக இல்லை. ஒருநாள் தம்பி ஷட்டரை இறக்கிவிட்டு, அதன்மேல் சாய்ந்து நின்று சொன்னான்.

"ஆட்டோமேட்டிக் ஒண்ணு வாங்கணும். இல்லன்னா கடைய மூடிட்டு நான் எங்கயாவது கிடங்குல மூட்டை எண்ணப் போறேன். நடுவுல வேற வழி இல்லக்கா."

புது மெஷினை நினைத்துப் பார்க்கவும் முடியாது. பழையதில் ஒன்றைப் பார்த்தார்கள். துரு. இன்னொன்றைப் பார்க்கக் கிளம்புவதற்குள் அது விற்றுப்போனது. மூன்றாவதன் படம் தம்பியின் போனில் வந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். எட்டுக் கலர், பத்துப் பலகை. நடுத்தூணில் நீலப் பெயின்ட். அதில் யாரோ ஸ்டிக்கரைக் கிழித்த வெள்ளைத் தழும்பு.

"இது சம்பந்தி" என்றாள்.

"யாருக்கு யாரு சம்பந்தி?"

"இந்த மெஷின்தான்டா. நான் வேலை பாத்த கம்பெனில இருந்தது."

கல்யாணத்துக்கு முன் அவள் வேலை பார்த்த இடம். அங்கே அந்த மெஷினுக்கு அதுதான் பேர். காலையில் முதல் மரியாதை அதற்கு. காற்று வேண்டும், எண்ணெய் வேண்டும், துடைத்துவிட வேண்டும். ஒரு குறை வைத்தால் நாலு பேர் பார்க்கும் நேரமாகப் பார்த்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும்.

தம்பிக்கு இதைக் கேட்டுச் சந்தோஷம் வரவில்லை. வேனில் போகும்போது வாய் திறந்தான்.

"ஒண்ணு சொல்லட்டா? கோவிக்கக் கூடாது."

"கோவிக்கிற மாதிரி இருந்தா கோவிப்பேன்."

"நீ அங்க போய்ப் பழசையெல்லாம் நினைச்சுட்டுக் கழுதைய குதிரைன்னு சொல்லிடாத. நம்மால ஒரு தடவைதான் வாங்க முடியும். தப்பாப் போச்சுன்னா அதோட கடை முடிஞ்சுது."

"எனக்குக் கண்ணு இல்லையா?"

"காக்காய்க்கும் கண்ணு இருக்கு. இருந்தும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். நீ அதை மாமியார் மருமகளைப் பாக்கற மாதிரி பாக்கணும். குத்தம் இல்லன்னாலும் தேடணும்."

"சரி. மாமியாராவே பாக்கறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

பழைய கம்பெனியின் முதலாளி சாவிக்கொத்தோடு வாசலில் நின்றிருந்தார். பாதியாக இளைத்திருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, அன்று போலவே. முன்பெல்லாம் அவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். இப்போது யாராவது பேச மாட்டார்களா என்பதுபோல் நின்றார்.

"ஊசியா?" என்றார்.

அந்தப் பேரை அவள் கேட்டு எத்தனையோ காலம். ஆள் ஒல்லி, வாய் கூர்மை. இரண்டுக்கும் சேர்த்து வைத்த பேர்.

"ஊசியேதான் சார். இப்ப கடப்பாரை ஆயிட்டேன்."

"வாய் மட்டும் அப்படியே இருக்கு."

"அது மட்டும்தான் வெயிட் போடல."

முதலாளி சிரித்தார். பூட்டைத் திறந்துகொண்டே பழைய ஆட்களைப் பற்றி விசாரித்தார். மெக்கானிக் மகனோடு தூர தேசத்தில் இருக்கிறார் என்றாள் அக்கா.

"பூனை போயிட்டான். கேள்விப்பட்டியா?"

"கேள்விப்பட்டேன் சார்."

பூனை என்பவர் மை கலக்குகிறவர். ஆள் மலை மாதிரி இருப்பார். நடந்தால் சத்தம் இருக்காது. பின்னால் வந்து நின்று, "சிவப்பு போதுமா?" என்பார். ஒவ்வொரு தடவையும் யாராவது அலறுவார்கள்.

உள்ளே எல்லாம் விற்றுப்போயிருந்தது. மேஜைகள் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக இருந்தது. அக்கா அந்த வெளுப்புகளைச் சுற்றிக்கொண்டு நடந்தாள், மேஜைகள் இன்னும் அங்கேயே இருப்பதுபோல. நடுவில், போர்வைக்கு அடியில், மெஷின்.

முதலாளி போர்வையை இழுத்தார். பழைய மையும் பலகைப் பசையும் சேர்ந்த வாசனை எழுந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த மெஷினில் சட்டை மாட்டிய பலகைகள் வட்டமாகச் சுற்றும். மை அடிக்கும் ஒவ்வொரு தலைக்கும் அடியில் நிற்கும், ஒரு கலர் விழும், அடுத்ததற்கு நகரும். நகரும்போது காது செவிடாகும். நிற்கும்போதுதான் பேச முடியும். அதனால் அங்கே எல்லோரும் துண்டு துண்டாகவே பேசினார்கள். அரை வாக்கியம், டமார், மீதி அரை. ஒருத்தி மாமியாரைத் திட்டத் தொடங்கினால் முடிப்பதற்குள் ஒரு பெட்டி சட்டை முடிந்துவிடும். திட்டின் உச்சத்தில் பலகை நகர்ந்துவிட்டால், அது மறுபடி நிற்கும்வரை எல்லோரும் கையில் வேலையோடு காத்திருப்பார்கள். கல்யாணமாகிப் போன புதிதில் அக்கா வீட்டிலும் அப்படித்தான் பேசினாள். பாதியில் நிறுத்தி, எதற்கோ காத்திருந்து, மீதியைச் சொல்வாள். கணவர் அவளுக்குத் திக்குவாய் என்றே நினைத்திருந்தார்.

தம்பி இருமினான். மாமியாருக்கான இருமல்.

அக்கா வேலையைத் தொடங்கினாள். மெஷினை ஓடவிடாமல் கம்ப்ரஸர் காற்றை மட்டும் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு தலையாகக் காதை வைத்துக் கேட்டாள். மூன்றாம் தலையில் மெல்லிய சீறல்.

"குழாய் போயிருக்கு. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டான். பலகை தாங்கும் கைகளின் நுனியைப் பிடித்து, இடது கையால் இங்கும் அங்கும் ஆட்டிப் பார்த்தாள். ஆட்டம் இல்லை. குனிந்து டார்ச் அடித்தாள். பஞ்சும் காய்ந்த மையும் இருந்தன. இரும்புத் தூள் இல்லை. இரும்புத் தூள் இருந்தால் உள்ளே எதுவோ தேய்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது முக்கியமான சோதனை. தம்பி கொண்டுவந்த ஸ்கிரீன்கள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரு கூட்டல் குறி. எட்டுத் தலைக்கும் எட்டு ஸ்கிரீன் மாட்டி, பலகைகளில் வேஸ்ட் துணித் துண்டுகளை ஒட்டி ஓட்டினார்கள். எட்டுக் குறியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். மெஷின் தேய்ந்திருந்தால் ஒரு கூட்டல் எட்டாகப் பிரிந்து சிலந்திபோலத் தெரியும்.

தம்பி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். பத்துத் துண்டிலும் மயிரிழைக் கோடு. ஒன்றேதான்.

"எத்தனையோ வருஷம் ஓடியிருக்கு" என்றார் முதலாளி. "கோணல்னு ஒரு சட்டை திரும்பி வந்தது கிடையாது. எந்தப் பார்ட்டிகிட்டப் போனாலும் முதல்ல அதைத்தான் சொல்லுவேன். என் மெஷினுக்குக் கோணல்னா என்னன்னே தெரியாது."

அக்கா டார்ச்சை அணைத்தாள்.

"சட்டையிலயும் அடிச்சுப் பாத்துடலாம்" என்றான் தம்பி.

சட்டையைப் பலகையில் மாட்டுவது தோளுக்குச் சுமை இல்லாத வேலை. அக்கா மாட்டினாள். தம்பி மறுபக்கம் நின்று கழற்றினான். கால் பெடலை மிதித்ததும் பலகை நகர்ந்தது. கழுத்தைக் கொண்டுவா, தோளை நீவு, கையை எடு. மறுபடி மிதி. இரண்டாம் சுற்றில் அவள் பலகையைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். கூரையைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு விளக்குக்குப் பதில் கம்பி தொங்கியது.

வந்த சட்டைகள் எல்லாம் நூல் பிடித்ததுபோல நேராக இருந்தன. தம்பி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தான். முகம் மெல்ல இளகியது.

"அக்கா, நிஜமாவே பொன் குஞ்சுதான்."

அப்போதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள்.

பலகை ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு உண்டு. சட்டையின் கழுத்து லேபிள் அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். எல்லாப் பலகையிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. ஐந்தாம் பலகையில் மட்டும் லேபிள் கோட்டிலிருந்து ஒரு விரல் வலப்பக்கம் தள்ளி இருந்தது. தள்ளிவைத்தது அவள் கைதான். அவளைக் கேட்காமல் தள்ளியிருக்கிறது.

அஞ்சுக்கு ஒரு விரல். வேலைக்குச் சேருகிற யாருக்கும் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். ஐந்தாம் பலகையின் கை கொஞ்சம் வளைந்தது. சட்டையை ஒரு விரல் தள்ளி மாட்டினால் அச்சு நேராக விழும். தள்ளாவிட்டால் கோணல். எல்லோரும் தள்ளினார்கள். முதலாளி உள்ளே இருக்கும்போது மட்டும் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

தம்பி முதலாளியிடம் லாரி பற்றிப் பேசத் தொடங்கியிருந்தான். வாசலை இடிக்கணுமா, கழற்றிக் கொண்டுபோகலாமா என்று. அவன் குரலில் அப்படி ஒரு தெம்பைக் கேட்டு நாளாகிவிட்டது. அவள் சும்மா இருந்தால் போதும். மெஷின் வந்துவிடும். விரல் கதையைக் கடைக்குப் போய்ச் சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தாள்.

"தம்பி, ஒரு சுத்து நீ மாட்டு" என்றாள்.

அவன் மாட்டினான். அவள் கழற்றினாள். நாலு நேர். ஐந்தாவது கோணல்.

"நான்தான் சரியா வைக்கல" என்று மறுசுற்று ஓட்டினான். மறுபடி ஐந்தாவது கோணல். மெஷினை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பலகைக் கையை நுனியிலிருந்து நடுத்தூண்வரை பார்த்தான். எழுந்தபோது முகம் மாறியிருந்தது.

"இந்தக் கை வளைஞ்சிருக்கு சார். எதுல இடிச்சது?"

"எதுலயும் இடிக்கல."

"இரும்பு தானா வளையாது சார்."

"என் மெஷினைப் பத்தி எனக்குத் தெரியாதா? உனக்கு மாட்டத் தெரியல."

"எனக்குத் தெரியலன்னே இருக்கட்டும். எனக்குப் பயம் என்னன்னா, இடி நடுத்தூண் வரைக்கும் போயிருந்தா இன்னிக்கு அஞ்சு, நாளைக்கு பத்தும். மறைச்சு விக்கிற மெஷினை வாங்கிட்டு நான் எங்க போய் அழறது?"

"மறைச்சா?" முதலாளி ஒரு அடி முன்னால் வந்தார். "நான் மறைக்கிறேன்னா சொல்றே?"

தம்பி ஸ்கிரீன்களைக் கழற்ற ஆரம்பித்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கை வைத்தபோது அக்கா சொன்னாள்.

"இடிக்கல. உக்காந்தது."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"எது உக்காந்தது?" என்றார் முதலாளி.

"எது இல்ல சார். யாரு. பூனை."

கரண்ட் போன நாள் அது. கரண்ட் போனால் காற்றும் போகும். காற்று போனால் மெஷினின் பிடி விட்டு, பலகை வட்டம் கையால் தள்ளினாலே சுற்றும். வேலை இல்லை. வெளியே மழை. யாரோ ஒருத்தி பலகையில் ஏறி உட்கார்ந்தாள். யாரோ தள்ளினார்கள். அப்புறம் எல்லோருக்கும் ஒரு பலகை வேண்டியிருந்தது.

"ராட்டினமா?" என்றார் முதலாளி.

"ராட்டினம்தான் சார்."

"என் மெஷின்ல."

"உங்க மெஷின்லதான். பூனை வேணாம் வேணாம்னுதான் சொன்னார். நான் உக்காந்தா சம்பந்தி கோவிச்சுக்கும்னார். நாங்கதான் விடல."

"அவன் உக்காந்து வளைஞ்சுதா?"

"உக்காந்தப்பக்கூட ஒண்ணும் ஆகல. நல்லா சுத்திட்டு இருந்தது. திடீர்னு யாரோ, முதலாளி வண்டின்னு கத்திட்டாங்க. அவர் பயந்துபோய்க் காலைத் தரையில ஊணிட்டார். அவர் பலகை நின்னுடுச்சு. வட்டம் நிக்கல. முனகின மாதிரி ஒரு சத்தம் வந்துது."

முதலாளி அந்தக் கையைப் பார்த்தார்.

"நான் எதுக்கு அந்த நேரத்துல வந்தேன்?"

"நீங்க வரல சார். அது வேற யாரோட வண்டியோ."

தம்பி ஸ்கிரீனை நெஞ்சோடு பிடித்தபடி நின்றான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும் இடமா என்று தெரியவில்லை.

"கணக்குப்பிள்ளைக்கு இது தெரியுமா?" என்றார் முதலாளி.

"அவர் ஆறாம் பலகையில இருந்தார்."

"கணக்குப்பிள்ளையா?"

"கூரை ஒழுகுதுன்னு குடைய விரிச்சுப் பிடிச்சிட்டு."

"அந்த மனுஷன் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

"நாங்களும் பாத்ததில்ல சார். அன்னிக்குப் பாத்தோம்."

மூலையில் ஒரு காலி மை வாளி கிடந்தது. முதலாளி அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"மெக்கானிக் என்ன பண்ணிட்டு இருந்தான்?"

"தூக்கல் தாழ்வை அவர்தான் சரி பண்ணினார். பக்கவாட்டுக் கோணல் மட்டும் போகல. கழட்டி வெளிய பட்டறைக்கு அனுப்பணும்னார். அனுப்பினா நீங்க ஏன்னு கேப்பீங்க. பூனை வீட்டுல அப்பதான் குழந்தை பிறந்திருந்துது. அதனால மெஷின் கைய விட்டுட்டு எங்க கைய மாத்திக்கிட்டோம். ஒரு விரல்தானே."

"எல்லாரும்?"

"எல்லாரும். புதுசா வந்தவங்களும்."

"நான் ஊரெல்லாம் மெஷினைப் பத்திப் பேசிட்டு இருந்திருக்கேன்" என்றார் முதலாளி.

தம்பிதான் முதலில் அசைந்தான். ஸ்கிரீனைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அடித்த துணித் துண்டுகளில் ஐந்தாம் பலகையுடையதைத் தேடி எடுத்தான். பூதக்கண்ணாடியை வைத்து, வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எட்டுக் கூட்டல், ஒரே கூட்டல். நடுத்தூணில் அடி பட்டிருந்தால் இது இப்படி விழாது.

"கை மட்டும்தான்" என்றான். "தூண் நல்லா இருக்கு. பட்டறையில கொடுத்தா நிமித்திடுவான்."

"அப்ப வாங்கறியா?" என்றாள் அக்கா.

"வாங்கறேன்." முதலாளியைப் பார்த்தான். "மறைச்சுன்னு சொன்னது தப்பு சார்."

"மறைச்சது உண்மைதானேப்பா. நான் இல்ல, அவ்வளவுதான்." அக்காவைப் பார்த்து, "பட்டறைக் கூலி என்னுது. பூனை கணக்குல எழுதிக்கறேன்" என்றார்.

கிளம்பும்போது முதலாளி கம்ப்ரஸரை அணைத்தார். காற்று வடிந்து முடிய மெஷின் ஒரு பெருமூச்சு விட்டது. அவர் பலகை வட்டத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

"எந்தப் பக்கமா சுத்தினீங்க?"

அக்கா காட்டினாள். அவர் தள்ளினார். கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டார். சத்தமே இல்லாமல் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"இவ்வளவு லேசா?"

"ஆள் இருந்தா கொஞ்சம் கனக்கும் சார்."

அவர் உட்காரவில்லை. உள்ளங்கையை மட்டும் நீட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு பலகையாக வந்து அதில் உரசிவிட்டுப் போனது. ஐந்தாவது உரசியபோது மட்டும் அவர் கை ஒரு விரல் உள்ளே போனது.

வேனில் தம்பி வெகுநேரம் தானாகச் சிரித்துக்கொண்டே வந்தான். கடைசியில் கேட்டான்.

"முதல் வேலையா அதை நிமித்தணும். உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?"

"நிமித்திடு. வர்ற ஆளுக்கெல்லாம் நான் பூனை கதை சொல்லிட்டு இருக்க முடியுமா?"

"அப்புறம் நீ அதுல மாட்டாத. நிமிந்த கையில உன் விரல்தான் கோணல்."

"போடா."

மெஷின் வந்தது. வாசலை இடிக்கத்தான் வேண்டியிருந்தது. கைமெஷின் பின்னறைக்குப் போனது. பட்டறைக்காரன் ஐந்தாம் கையை நூல் பிடித்து நிமிர்த்திக் கொடுத்தான். தம்பி மாட்டினான், அக்கா மறுபக்கம் நின்று கழற்றிச் சரிபார்த்தாள். தோள் மறுபடி தலை வார ஒத்துக்கொண்டது. கொடிக்கு மட்டும் இன்னும் இல்லை.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், பாதி ஓட்டத்தில் தம்பிக்குப் போன் வந்தது. வாசலுக்குப் போனான். வரிசையாகச் சட்டைகள் காத்திருந்தன. அக்கா இந்தப் பக்கம் வந்து மாட்ட ஆரம்பித்தாள். கழுத்தைக் கொண்டுவா, தோளை நீவு, கையை எடு. கூரையில் மழைச் சத்தம். அவள் யாரையோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி திரும்பிவந்து கழற்றும் பக்கம் நின்றான். ஒரு சட்டையை எடுத்து விரித்தான். பள்ளிக்கூடத்தின் பேர் நெஞ்சில் இடப்பக்கமாக ஒதுங்கி நின்றது. கழிவுப் பெட்டியில் போடப்போனான். அக்கா கையை நீட்டினாள். வாங்கி, நாலாக மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு கோணல்?" என்று கேட்டான் தம்பி.

பலகை நகர்ந்தது. அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டு அக்கா சொன்னாள்.

"ஒரு விரல்."